அரிசி வேகுமுன்னே ருசி சொன்னவர்

ஏ பட்டாளம்! ஏண்ணே! இப்படிக் கூப்பிட்டால் 'எஸ் சார்' என்று கேலியாக ஒரு குரல் அடுப்படியிலிருந்து வருமே. பழக்கத்தில் நான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேலகரத்தில் எங்கள் தெருவில் என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பத்தொன்பது வயசில் ராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவன் பட்டாளம்தான். ரேஷன் கடையில் கூட எங்கள் அட்டைக்குப் 'பட்டாளம் வீட்டு அட்டை' என்றுதான் பெயர். அவன் ரயில் ஏறும்போது எனக்கு எட்டு வயசு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஆக வீட்டில் மூன்று பேர். அதில் ஒருத்தன் வருஷத்தில் பத்து மாசம் காஷ்மீரிலோ அஸ்ஸாமிலோ இருப்பான். மிச்சம் அம்மாவும் நானும்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, கணக்குப் பாடம் நிறுத்தியது. அதிலிருந்து குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். துண்டு, டவுசர், சோப்பு, சீயக்காய், எண்ணெய் விற்கிற கடை. குளிப்பதற்கென்றே எங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறவர்கள் துண்டை மட்டும் மறந்துவிட்டு வருவார்கள். அந்த மறதிதான் இத்தனை வருஷமாக எங்கள் கடையை நடத்துகிறது.

அண்ணன் லீவில் வரும்போது கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஒரு பச்சை அட்டை நோட்டும் வரும். முதலில் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. காதல் கடிதம் என்று நினைத்துத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் கட்டை எழுத்தில், 'ஓய்வுக்குப் பின் திட்டம். நோக்கம். வழி. இடைஞ்சல். முடிவு' என்று எழுதிக் கோடு போட்டிருந்தான். முப்பத்து மூன்று வயசில் ஒருத்தன் ஓய்வைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏண்ணே, உனக்கு இன்னும் தலையில ஒரு முடி நரைக்கல. அதுக்குள்ள ரிடயர்டா?"

"நோட்டத் தொட்டியாட்டி?"

"தொடல. தானா தொறந்துச்சு."

அன்றைக்குத்தான் உட்கார வைத்து விளக்கினான். பதினேழு வருஷம் முடிந்தால் பென்ஷனோடு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறாயா என்று எழுதிக் கேட்பார்கள். 'விருப்பம்' அல்லது 'விருப்பமில்லை', ரெண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான்.

"இதுல என்ன யோசனை? விருப்பமில்லைன்னு எழுதிட்டு வா."

"வந்து? எங்கூட இருந்தவனுவ எத்தன பேரு அப்படி எழுதிட்டு வந்து, ஆறு மாசத்துல ஏதோ ஏ.டி.எம். வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்து தூங்குதானுவ தெரியுமா? என்ன செய்யப் போறோம்னு தெரியாம வரக் கூடாதுட்டி. திட்டம் வேணும்."

எனக்குத் திட்டமெல்லாம் வேண்டாம். எனக்கு வேண்டியது சண்டை போட ஒரு ஆள். அம்மாவோடு போட்டால் அவள் அழுதுவிடுவாள், அப்புறம் நான்தான் சமாதானப்படுத்த வேண்டும். அண்ணன் இருந்தால் நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் ஒரே தட்டில் முறுக்குத் தின்னலாம். அதனால் அவன் 'விருப்பமில்லை' என்று எழுதிவிட்டு வர வேண்டும் என்று சாமி கும்பிடும்போதெல்லாம் கேட்டேன். அந்த வருஷங்களில் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

திட்டம் என்றால் அவனுக்கு வெறும் எழுத்தில்லை, ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரு லீவுக்கு ஒரு வேலை. அந்த லீவில் செக்யூரிட்டி வேலை. ஐந்தருவி போகிற வழியில் ஒரு லாட்ஜில் சேர்ந்தான். என்னுடைய கைக்கண்ணாடியை ஒரு கம்பில் கட்டி எடுத்துக்கொண்டு போனான். வருகிற ஒவ்வொரு காருக்கும் அடியில் அதை நீட்டிக் குண்டு இருக்கிறதா என்று பார்த்தான். குற்றாலத்துக்கு வருகிறவன் எண்ணெய்க் குப்பியைக் கொண்டு வருவான், குண்டை எதற்குக் கொண்டு வரப் போகிறான்? நாலாம் நாள் லாட்ஜ் முதலாளியின் மாமியார் கையில் ஒரு தகரத் தூக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார்.

"தூக்கத் தொறங்க ஆச்சி."

"ஏலே, இது எம் மருமவன் லாட்ஜுலே."

"இருக்கட்டும் ஆச்சி. தொறந்து காட்டிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுங்க."

தூக்கில் இருந்தது அதிரசம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, 'அதிரசம், பதினாலு' என்று ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறான். மறுநாள் என் கைக்கண்ணாடி என்னிடமே திரும்பி வந்துவிட்டது. நோட்டில் 'முடிவு' என்ற இடத்தில், 'இடத்துக்குத் தகுதி இல்லை' என்று எழுதினான். லாட்ஜுக்கா அவனுக்கா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த லீவில் ஆலங்குளத்தில் அம்மாவின் சித்தப்பா மகன் தோட்டத்தில் ஆடு வளர்க்கப் போனான். இருபத்திரண்டு ஆட்டுக்கும் பெயிண்ட்டில் நம்பர் போட்டான். விடிந்ததும் வரிசையில் நிறுத்தி நம்பர் கூப்பிட்டான். எந்த ஆடு வரிசையில் நிற்கும்? பதினோராம் நம்பர் கிடா, அவன் பத்தாம் நம்பரைத் தேடிக் குனிந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து முட்டிவிட்டது. ஒரு வாரம் குப்புறப் படுத்துத்தான் தூங்கினான். அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுத்தபடி, "காஷ்மீர்ல அத்தன பேரச் சமாளிச்ச பிள்ள, ஒரு கிடாயிட்ட தோத்துட்டானே" என்று தெருவுக்கே கேட்கும்படி புலம்பினாள்.

அந்தக் குப்புறப் படுத்த வாரம் முடிந்ததும்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். "நீ கடைக்குப் போ, வீட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்று என்னை அனுப்பிவிட்டான். மதியம் ஷேர் ஆட்டோவில் இறங்கும்போதே தெருமுனையில் வாசனை. கல்யாண வீடு எங்கே என்று தேடினேன். எங்கள் வீட்டில்தான்.

கொல்லையில் மூன்று செங்கல் அடுப்பு. அதன் மேல், பக்கத்து வீட்டில் வெந்நீர் போடுகிற அண்டா. அண்டா நிறையச் சாம்பார். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் மலை மாதிரி சோறு. நடுவில் என் அண்ணன், தலையில் துண்டும் கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியுமாக நின்றான். வீட்டிலிருந்த பருப்பு முழுவதும் அதற்குள் போயிருந்தது.

"என்னண்ணே இது? நாம மூணு பேருதான?"

"தெரியும்ட்டி. குறைச்சுதான் வச்சேன்."

"இதா குறைச்சு?"

கரண்டியை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஒரு பிடி, ரெண்டு பிடின்னெல்லாம் எனக்கு அளக்கத் தெரியாது. எனக்குக் கணக்கே நூத்தியிருபது பேருல இருந்துதான் ஆரம்பம்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் நாக்கைக் கடித்தான். உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா அந்தக் காய்ச்சலிலும், "எந்த நூத்தியிருபது பேருலே?" என்று கேட்டாள்.

அப்படித்தான் வெளியே வந்தது. பதினைந்து வருஷமாக என் அண்ணன் ராணுவத்தில் சமையல்காரன். அங்கே சமையல்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். அவன் அனுப்பிய போட்டோவில் எல்லாம் துப்பாக்கி இருக்குமே என்றேன். பக்கத்தில் நிற்கிறவனிடம் வாங்கிப் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோ என்றான்.

"அப்போ நீ எல்லையில நிக்கவே இல்லியாலே?" அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நின்னேம்மா. எல்லையில நிக்கவனுக்கும் பசிக்கும்லா? பனியில அவன் துப்பாக்கியோட நிப்பான், நான் அண்டாவோட நிப்பேன்."

"சண்டை?"

"பூரி உப்பலன்னா தினமும் சண்டைதான்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. பதினைந்து வருஷமாகப் 'பார்டர்ல நிக்கான் எம் பிள்ள' என்று ஊர் முழுக்கச் சொன்னவள் அவள். ஒரு தட்டை வாங்கிக் கட்டிலிலேயே உட்கார்ந்து தின்றாள். இரண்டாவது தட்டும் வாங்கினாள். தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "வெளிய யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றாள்.

ஆனால் அண்டா இருக்கிறதே, அதை எங்கே ஒளிப்பது? அம்மாதான் வழி சொன்னாள். பிள்ளை நல்லபடியாக லீவில் வந்ததற்கு வேண்டுதல் என்று சொல்லி வாளி வாளியாகத் தெருவுக்கே ஊற்றினோம். மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு அக்கா தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். "இன்னைக்கும் வேண்டுதல் உண்டா?"

அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன். "அண்ணே, திட்டத்த எழுதிக்கோ. சமையல். சீசனுக்கு எத்தன வேன் வருது! அடுப்பும் அரிசியும் கொண்டு வந்துட்டுச் சமைக்க ஆள் இல்லாம மழையில நனைஞ்ச பிரட்டத் திங்கான் பாதிப் பேரு."

"ஏட்டி, சும்மா இரு. சிப்பாயின்னு சொல்லிட்டுப் போனவன் சட்டிப் பானையோட திரும்பி வரவா? அதுக்கு நான் இன்னும் ரெண்டு வருஷம் அங்கனயே இருந்துட்டுப் போறேன்."

நோட்டில் சமையலுக்கு ஒரு வரி கூட ஒதுக்கவில்லை. லீவு முடிந்து போய்விட்டான். இனி ஒரே ஒரு லீவு பாக்கி. அது முடிந்து போனதும் கையெழுத்து. அங்கே மரியாதை உண்டு, இங்கே ஒன்றுமில்லை என்று அவன் நினைத்துக்கொண்டே போனால் 'விருப்பம்' என்றுதான் எழுதுவான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தத் தில்லுமுல்லு தோன்றியது. என்கூட எட்டாவது படித்தவளை வீரகேரளம்புதூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் தெருக்காரர்கள் நாற்பது, ஐம்பது பேர் வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் வேன் பிடித்து, அரிசி, கோழி, அடுப்போடு குற்றாலத்துக்கு வருவார்கள். அவர்களுக்குச் சமைக்கிறவர் அவளுடைய மாமனார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பச்சைத் துண்டு. அவர் வைக்கிற குழம்பைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள், "அருவியில குளிச்ச சந்தோஷம் எல்லாம் அந்தக் குழம்புல போயிரும்" என்று.

நான் அவளிடம் கேட்டதெல்லாம் மூன்று விஷயம். இந்த வருஷம் மாமனார் கரண்டியைத் தொடக் கூடாது. எல்லாரும் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்ல வேண்டும். சாப்பாடு எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"உங்க அண்ணனுக்கு எங்க ஆளுவளத் தெரியாதாட்டி? பக்கத்து ஊருதான?"

"பதினாறு வருஷமா ஊருல இல்லாதவனுக்கு ஊர்க்காரன் எல்லாம் டூரிஸ்ட்டுதான்."

சொல்லும்போது வேடிக்கையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு அந்தப் பதினாறு வருஷத்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

கடைசி லீவு சாரல் நேரத்தில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். ஓடியது நடிப்பு, மூச்சு வாங்கியது நிஜம். "அண்ணே, மதுரையில இருந்து ஒரு வேன் வந்திருக்கு. சமையல்காரன் பாதியில எறங்கிப் போயிட்டானாம். சின்னப் பிள்ளைவெல்லாம் பசியில அழுது. நீ வந்து ஒருக்கா..."

பசி என்ற சொல்லுக்கு அவன் எழுந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். சட்டையைக் கூட மாட்டவில்லை, பனியனோடு கிளம்பிவிட்டான்.

பழைய குற்றாலம் போகிற வழியில் ஒரு தோப்பு. வேன் நின்றது. காற்றும் சாரலுமாக அடுப்பு ஒன்றும் பற்றவில்லை. அண்ணன் ஒரு பிடி சாம்பலை எடுத்து மேலே தூவினான். அது பறந்த திசையைப் பார்த்தான். மண்வெட்டி வாங்கி, காற்றுக்குக் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டினான். அதற்குள் விறகைப் போட்டு, மேலே தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டினான். அப்புறம் தீ அவன் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆடு கேட்காததெல்லாம் நெருப்புக் கேட்டது.

என் சிநேகிதி, சின்ன வயசில் பார்த்த முகம் அவனுக்கு ஞாபகம் இருந்துவிடுமோ என்று பயந்து, பல்வலி என்று சொல்லி முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் மதுரைக்காரர்களாக இருக்கப் படாத பாடு பட்டார்கள். ஒருத்தருக்கும் மதுரைப் பேச்சு வரவில்லை. "எங்க மதுரையில அருவி கிடையாது பாத்துக்கிடுங்க" என்று ஒரு அக்கா யாரும் கேட்காமலே நாலு தரம் சொன்னாள்.

கெடுத்தது மாமனார். காலையிலிருந்து கையில் கரண்டி இல்லாமல் அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லித் தொலைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, அண்டாப் பக்கம் வந்து நின்று சத்தமாக, "சாப்பாடு பிரமாதம் தம்பி! இப்படி ஒரு ருசிய நான் கண்டதே இல்ல!" என்றார்.

அண்ணன் மெதுவாகத் திரும்பினான். "அரிசி இன்னும் வேகல அண்ணாச்சி."

"அப்படியா? வாசனையே சொல்லுது."

"இப்பத்தான் உலையில போட்டிருக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் குரங்கைப் பார்த்தேன். தோப்பில் குரங்கு நிறைய. நல்லவேளை, அதைப் பார்த்ததும் அவனுக்கு வேறு யோசனை வந்தது. "அண்ணாச்சி, உங்கள மாதிரி ஒரு ஆளுதான் வேணும். அப்பளக் கூடைக்குக் காவல். இந்தாங்க கம்பு. அசையக் கூடாது." பத்தே நிமிஷத்தில் காவல்காரர் மரத்தில் சாய்ந்து குறட்டை விட்டார். ஒரு தாய்க்குரங்கு பொரித்த அப்பளத்தை அடுக்கோடு தூக்கிக்கொண்டு, அவர் தலைக்கு மேல் இருந்த கிளையில் உட்கார்ந்து நொறுக்கித் தின்றது. தூள் எல்லாம் அந்த வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

சோறு, கோழிக் குழம்பு, ரசம், ரவை அல்வா. தட்டை ஏந்தி எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தான். பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். முண்டியவனைக் கடைசிக்கு அனுப்பினான். முதல் கவளம் வாயில் போன பிறகு ஒருத்தருக்கும் நடிப்பு ஞாபகம் இல்லை. "ஏலே, இன்னும் கொஞ்சம் குழம்பு விடுலே" என்று அசல் வீரகேரளம்புதூர் பேச்சு நாலு பக்கமும் கிளம்பிவிட்டது. பல்வலிக்காரி துண்டை அவிழ்த்துவிட்டு மூன்று தரம் வரிசையில் வந்தாள். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டாரே. தலையைக் குனிந்து தின்றார், அப்புறம் தட்டை வழித்தார்.

அந்த வாசனைக்கு, பக்கத்தில் நின்ற இன்னொரு வேனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களை எனக்கும் தெரியாது. நிஜமான வெளியூர்க்காரர்கள். மிச்சம் ஏதாவது இருக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். என் அண்ணன் வைத்ததில் எப்போது மிச்சம் இல்லாமல் இருந்தது? அவர்களுக்கும் போட்டான். அவர்களில் ஒருவர் கை கழுவியபடி, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "ராணுவத்துல சமையல்" என்றான். ஊரில் முதல் தரமாகச் சத்தமாகச் சொன்னான்.

அடுத்த வாரம் ரயில் ஏறினான். பதினெட்டு நாள் கழித்து மதியம் கடைக்குப் போன் வந்தது. "எழுதிக் குடுத்துட்டேன்." நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவனே சொன்னான், "விருப்பமில்லைன்னு." டவுசர் வாங்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு நான் சத்தம் போட்டு அழுதேன். அவர் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்.

பதினேழு வருஷம் முடிந்து பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு, பையிலிருந்து இரண்டு பெரிய இனிப்பு டப்பா எடுத்தான். "ஒண்ணு தெருவுக்கு. இன்னொண்ண வீரகேரளம்புதூருல இருக்க உன் மதுரைக்காரங்களுக்குக் குடுத்துட்டு வா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பல்வலிக்காரி துண்ட அவுத்ததும் உன் சிநேகிதின்னு தெரிஞ்சுபோச்சு. அதோட அரிசி வேகுமுன்ன ருசி சொன்ன ஆளு, என் பதினேழு வருஷத்துல அவரு ஒருத்தருதான்ட்டி."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டே? எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுமா?"

பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து தன்னுடைய பெரிய கரண்டியை எடுத்து அடுப்படி ஆணியில் மாட்டினான். "ஒருத்தன ஊருக்குக் கூப்பிட அம்பது பேரு வேன் பிடிச்சு வந்து பொய் சொல்லுதாங்கன்னா, அதுக்கு மேல என்ன திட்டம்ட்டி வேணும்?" என்றான். அப்புறம், "ஆனா அந்த அண்ணாச்சிக்கு இனிமே காவல் வேலை கிடையாது" என்றான்.

இரண்டு சீசன் சமைத்தான். அம்மாவே கடைசியில் ஆளுக்கு ஆள், "எம் பிள்ளை பட்டாளத்துக்கே சோறு போட்டவன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். கேட்டால் இதைத்தான் அவள் ஆதியிலிருந்து சொன்னது போல இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு காலை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குட்டி" என்றான். நான், "நேத்து நீ தின்ன அல்வாவுக்கு ஒரு மாதிரியோட நின்னுச்சேன்னு சந்தோஷப்படு" என்றேன். சொல்லிவிட்டுச் சோடா வாங்கிவந்து கொடுத்தேன். குடித்தான். சிரிக்கக் கூடச் செய்தான். அரைமணி நேரம் கழித்து ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டு போகும்போது என் தோளில் சாய்ந்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே போய்விட்டான். நான் அவனிடம் ஒழுங்காகச் சொன்ன கடைசிப் பேச்சு அந்தக் கேலிதான்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. 'விருப்பம்' என்று எழுதியிருந்தால் அவன் அங்கேயே இருந்திருப்பான். அங்கே கூப்பிடு தூரத்தில் டாக்டர் உண்டு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றால் யாரும் சோடா வாங்கிக் கொடுக்க மாட்டார்கள். பொய் சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான். இதை அம்மாவிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கனயே இருந்திருந்தா என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியாதுட்டி. உனக்கும் தெரியாது. இங்கன வந்ததால ஒன்றரை வருஷம் அவன் கையால தின்னேன். எத்தன தாய்க்கு அது கிடைக்கும்?" என்றாள். பொறுக்கிய கல்லையே மறுபடி அரிசியில் போட்டுவிட்டாள். அதையும் நான்தான் திரும்பப் பொறுக்கினேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நான்தான் சமைத்தேன். ஆள் வைக்க மனசில்லை. ஆணியிலிருந்து அந்தக் கரண்டியை எடுத்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வீரகேரளம்புதூர். ஐம்பது பேரும் இறங்கினார்கள். யாரும் சொல்லாமலே தட்டை எடுத்து வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். ஒருத்தர் கூட முண்டவில்லை. மாமனார் அதே வெள்ளைச் சட்டையில் அண்டாப் பக்கம் வந்து நின்றார். எட்டிப் பார்த்தார். அரிசி அப்போதுதான் உலையில் விழுந்திருந்தது.

"சொல்லட்டுமாம்மா?" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"பிரமாதம்" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது வீட்டில் அம்மாவும் நானும்தான். இருவருக்கு எப்படி வைப்பது என்று எனக்கு மறந்துவிட்டது. தினமும் மிஞ்சுகிறது. எதிர்வீட்டு அக்கா தூக்குச்சட்டியோடு வருகிறாள், வேண்டுதலா என்று இப்போது கேட்பதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வந்தால், துண்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். மறந்தால் கடையில் நான் இருப்பேன். அருவிக்குப் போகும்போது வரிசையில் நில்லுங்கள், முண்டாதீர்கள், அவனுக்குப் பிடிக்காது. தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்து நிற்கும்போது, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம் கண்ணை மூடி என் அண்ணனுக்காகக் கேளுங்கள். அவன் போன இடத்தில் நூற்றிருபது பேருக்குக் குறையாமல் பசித்த ஆட்கள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் குறைத்து வைக்க அவனுக்குத் தெரியாது. அவன் நெஞ்சு வலியில்லாமல் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். எல்லாரும் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.